காய்கறி வண்டியில் அப்பா

அப்பாவைக் காய்கறி வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு போனதற்கு நான் பொறுப்பில்லை. அது என் தம்பி பூன் ஹெங்கின் யோசனை. அவன் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வழியில் எந்த அறிவிப்புப் பலகையைப் பார்த்தாலும் நின்று கடைசி வரி வரைக்கும் படிப்பான். அப்பாவின் சாம்பல் இருந்த ஜாடியைக் கையில் ஏந்திக்கொண்டு தாவரவியல் பூங்காவுக்குள் நுழைந்தால் காவல்காரர் சும்மா விடுவாரா என்று கேட்டான். எதில் வைப்பது என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தபோது, அம்மா காய்கறி வாங்க ஈரச்சந்தைக்கு இழுத்துப் போகும் சக்கரம் வைத்த பை கதவோரம் நின்றது. ஜாடி அதில் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினான். துண்டுக்கு மேல் ஒரு கட்டுக் கீரையையும் வைத்தான்.

"கீரை எதுக்குடா?"

"பாக்கறவங்களுக்குச் சந்தேகம் வரக்கூடாதுல்ல, அக்கா."

"ஞாயித்துக்கிழமை காலையில பூங்காவுக்கு எவன்டா கீரையோட போவான்?"

யோசித்துப் பார்த்துவிட்டுக் கீரையை மறுபடியும் குளிர்பெட்டியில் வைத்தான். அவனோடு காலம் தள்ளும் அவன் பெண்டாட்டியை நினைத்தால் எனக்குச் சில நேரம் பரிதாபமாக இருக்கும்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் என் கடைசித் தங்கை ஹுவீ பெங். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில் ஒரு சாயங்காலம் அவள் மட்டும் பக்கத்தில் இருந்தாள். "என்ன அந்தப் பொந்துல அடைக்காதீங்க. தோட்டத்துல கொண்டு விட்டுருங்க" என்று அப்பா அவளிடம் சொன்னாராம். பொந்து என்றால் சாம்பல் ஜாடிகளை அடுக்கி வைக்கும் அஸ்தி மாடம், தோட்டம் என்றால் அவர் தினமும் நடக்கப் போன தாவரவியல் பூங்கா. பூன் ஹெங் ஏற்கெனவே ஒரு இரட்டை மாடத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டிருந்தான். இப்போது அப்பாவுக்கு, பிறகு அம்மாவுக்கு. அம்மா நேரில் போய்ப் பார்த்து, உள்ளே கையை விட்டுத் தடவி, "ரெண்டு பேருக்குத் தாராளமா எடம் இருக்கு" என்று சொல்லியிருந்தாள். அப்பா தோட்டத்துக்குப் போய்விட்டால் அந்த மாடத்தில் அம்மா தனியாகத்தான் கிடக்க வேண்டும். எங்கள் மூன்று பேருக்கும் இது தெரியும். ஆனால் யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

என்னைக் கேட்டால் செத்தவருக்கு மாடமும் ஒன்றுதான், மரத்தடியும் ஒன்றுதான். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. கல்யாணம் ஆகாமல் அம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கிறவளிடம் சோறு வெந்ததா என்று கேட்பார்களே தவிர அபிப்பிராயம் கேட்கமாட்டார்கள்.

சாப்பாட்டு மேசையில் அந்த வாரம் முழுக்க இதே சண்டைதான்.

"மருந்து மயக்கத்துல அப்பா ஏதோ உளறியிருக்காரு" என்றான் பூன் ஹெங்.

"உளறல. தெளிவாத்தான் இருந்தாரு. என் கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னாரு."

"பூங்காவுல சாம்பலக் கொட்டறது குத்தம்டி. அபராதம் போடுவாங்க."

"எந்தப் பலகையில எழுதியிருக்கு? நீதான் எல்லாத்தையும் படிக்கறவனாச்சே, சொல்லு."

அவன் விரல்விட்டு எண்ணினான். நாய், சைக்கிள், பட்டம், பூப்பறித்தல் என்று பலகையில் எல்லாம் இருக்கிறது. அப்பா இல்லை.

கடைசியில் அம்மாதான் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "ஏன் மாறி மாறிக் கத்தறீங்க? கெழவனையே கேட்டுருவோம்."

அம்மா அப்பாவைக் கெழவன் என்றுதான் சொல்வாள். அவருக்கு நாற்பது வயதாக இருந்தபோதே அப்படித்தான்.

கேட்பது என்றால் காசு வீசிக் கேட்பது. வருஷா வருஷம் கல்லறைக்குப் போய்த் தாத்தாவுக்குச் சோறு படைத்துவிட்டு, சாப்பிட்டு முடித்தாரா என்று இரண்டு காசுகளை வீசித்தானே கேட்கிறோம், அதே முறைதான். ஒரு பக்கம் பூவும் மறுபக்கம் சிங்கமும் போட்ட பழைய காசு இரண்டு. ஒன்று பூவாகவும் ஒன்று சிங்கமாகவும் விழுந்தால் ஆமாம். இரண்டும் ஒன்றுபோல விழுந்தால் இல்லை. கேள்வியை அம்மா வாய்க்குள் முணுமுணுக்க வேண்டும், மகன் காசை வீச வேண்டும். கேட்கிறவர் கேள்வியை மற்றவர்கள் ஒட்டுக் கேட்கக்கூடாது. அது அவருக்கும் செத்தவருக்கும் உள்ள பேச்சு. அப்பா பூங்காவில் எங்கெங்கே உட்காருவார் என்று ஹுவீ பெங்குக்குத் தெரியும். அந்த இடங்களிலெல்லாம் கேட்பது, எங்கேயாவது ஆமாம் என்றால் அங்கே விட்டுவிடுவது, எல்லா இடத்திலும் இல்லை என்றால் மாடம்தான் என்று முடிவானது. பூன் ஹெங் இதற்கு எப்படி ஒத்துக்கொண்டான் என்று எனக்கு இன்று வரை ஆச்சரியம்தான்.

பேருந்தில் அம்மா பையை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூங்காவுக்கு அவள் வருவது அதுதான் முதல் தடவை. சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள். கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள். அம்மா உணவங்காடியில் கஞ்சிக் கடை வைத்திருந்தாள், காலையில்தான் அவளுக்கு வியாபாரம். அப்பா கப்பல் பட்டறை வேலையை விட்ட பிறகு, பொழுது விடிந்ததும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு பூங்காவுக்குக் கிளம்பிவிடுவார். முழங்கால் வலி வந்து அம்மா கடையை மூடின பிறகும் அவர் தனியாகத்தான் போனார். நீயும் வருகிறாயா என்று அவர் கேட்டதில்லை. நானும் வருகிறேன் என்று அவளும் சொன்னதில்லை.

முதலில் அன்னக் குளம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு கூட்டம், வியர்வை வழிய ஓடிக்கொண்டு ஒரு கூட்டம். கரையோரம் ஒரு பெரிய உடும்பு நகர்ந்தது.

"அங்க பாரு, கட்டை நடக்குது" என்றாள் அம்மா.

"கட்டை இல்லம்மா, உடும்பு."

"ஓ. இதுங்களப் பாக்கத்தான் தெனம் ஓடியாந்தானா?"

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அறுவை சிகிச்சைக்குப் பயந்து தள்ளிக்கொண்டே வருகிறாள். காசு விழுகிற சத்தம்தான் அவளுக்குக் கேட்கும், எப்படி விழுந்தது என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும். பையின் மேல் கையை வைத்துக்கொண்டு வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தாள். எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னாள். பூன் ஹெங் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, திருடப் போகிறவன் மாதிரிக் குனிந்து காசை வீசினான். இரண்டும் சிங்கம்.

"இல்லங்கறாரும்மா" என்றான். குரலில் சந்தோஷத்தை மறைக்கத் தெரியாதவன் அவன்.

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அடுத்தது வாத்தியக்காரர்கள் வாசிக்கும் வெள்ளை மண்டபம். அங்கே கல்யாண ஜோடி ஒன்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. அந்த வெயிலில் கோட்டும் வெள்ளைக் கவுனும். படம் எடுக்கிறவன் எங்களிடம் வந்து, "ஆன்ட்டி, அந்தக் காய்கறி வண்டிய மட்டும் கொஞ்சம் ஓரமா வச்சுக்கறீங்களா? படத்துல விழுது" என்றான். அப்பா யார் படத்தையும் கெடுத்ததில்லை. நகர்த்திக்கொண்டோம்.

அவர்கள் போகட்டும் என்று காத்துக்கொண்டிருந்தபோது பூங்காவில் வேலை செய்யும் மலாய்க்காரப் பெண் ஒருத்தி சின்ன மின்சார வண்டியில் வந்து எங்கள் பக்கத்தில் நிறுத்தினாள். பூன் ஹெங்குக்கு முகம் வெளுத்துவிட்டது.

"என்ன ஆன்ட்டி, குடும்பத்தோட பிக்னிக்கா?" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஆமா. வீட்டுக்காரர்கூட" என்றாள் அம்மா.

அந்தப் பெண் பூன் ஹெங்கைப் பார்த்தாள். இவன்தான் வீட்டுக்காரன் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். வெயில் ஜாஸ்தி, தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஹுவீ பெங் என்னை முறைத்தாள்.

மண்டபத்திலும் இல்லை. இரண்டும் பூ.

பனை மரச் சரிவு வரைக்கும் நடப்பதற்குள் எனக்கே மூச்சு வாங்கியது. அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டு வந்திருந்த பன்றியிறைச்சி வைத்து அவித்த பாவ் ரொட்டியை எடுத்துத் தின்றாள். எங்களுக்கும் கொடுத்தாள். முணுமுணுத்தாள், பூன் ஹெங் வீசினான், மறுபடியும் இல்லை. அதற்குப் பிறகு அம்மாவிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. நடையில் வலி தெரியவில்லை. வாடகைக்காரியை அதட்டுகிற வீட்டுக்காரி மாதிரி மரங்களைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். "இவ்வளவு உசரம் வளந்து என்ன பிரயோஜனம், ஒரு தேங்கா கெடையாது" என்று ஒரு பனையிடம் சொன்னாள். கோப்பி வேண்டும் என்றாள். போய் வாங்கி வந்தேன்.

ஹுவீ பெங்குக்கு முகம் சுண்டிப்போய்விட்டது.

"நீ வேணும்னே ஒரே மாதிரி வீசற" என்று அண்ணன் மேல் பாய்ந்தாள்.

"காசுடி அது. நான் சொன்னபடி விழுமா? ஒவ்வொரு தடவையும் பாதிக்குப் பாதி வாய்ப்பு."

"கையக் குலுக்கவே மாட்டேங்கற. குலுக்கிட்டு வீசு."

"சரி, குலுக்கறேன். அப்பறம் அழக்கூடாது."

இஞ்சித் தோட்டத்தில் குலுக்கிவிட்டுத்தான் வீசினான். ஹுவீ பெங் காசு விழுந்த இடத்தில் மண்டியிட்டே பார்த்தாள். இரண்டும் சிங்கம். எழுந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"அப்போ என்கிட்டச் சொன்னது பொய்யா, அக்கா? அப்பா எங்கிட்ட ஒண்ணு சொல்லிட்டு இங்க வேற ஒண்ணு சொல்லுவாரா?"

நாங்கள் மூவரும் பிறந்து வளர்ந்து, அப்பா மனசைத் திறந்து பேசியது அந்த ஒரு சாயங்காலம்தான். அதுவும் அவளிடம். எங்களுக்குக் கிடைக்காத ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. அதை இப்போது ஒவ்வொரு மரத்தடியிலும் ஆள் மாற்றி ஆள் பிடுங்கிக்கொண்டிருந்தோம். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அம்மாவோ வேறு உலகத்தில் இருந்தாள். இஞ்சிப் பூ ஒன்றைத் தொட்டுத் தடவி, "பூ நல்லாத்தான் இருக்கு, ஒத்துக்கறேன்" என்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாக ஒரே ஒரு இடம்தான் பாக்கி. புல்வெளி ஓரத்தில் ஒரு பெரிய தெம்புசு மரம். அதன் அடியில்தான் அப்பாவும் அவருடைய சேக்காளிகளும் காலையில் கை காலை நீட்டி மடக்கிக்கொண்டு நிற்பார்களாம். அங்கே போய்ச் சேருவதற்குள் வானம் கறுத்துவிட்டது. இங்கே மழை சொல்லிவிட்டு வராது. புல்வெளியில் பாய் விரித்திருந்தவர்கள் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். நாலே நிமிஷத்தில் அந்தப் பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை.

எங்களிடம் இரண்டு குடை. ஒன்றைப் பூன் ஹெங் பைக்குப் பிடித்தான். ஆயிரம் குறை இருந்தாலும் அப்பா நனையக்கூடாது என்று நினைத்தான் பாருங்கள், அதற்காக அவனை மன்னிக்கலாம். இன்னொன்றை ஹுவீ பெங் அம்மாவுக்குப் பிடித்தாள். நானும் தலையை அதற்குள் நுழைத்துக்கொண்டேன்.

"தள்ளிப் போங்கடி. நான் கேக்கணும்" என்றாள் அம்மா.

"எங்க தள்ளிப் போறதும்மா, கொட்டுது பாருங்க. நாங்க காதப் பொத்திக்கறோம், நீங்க கேளுங்க" என்றாள் ஹுவீ பெங்.

குடையைப் பிடித்திருக்கிறவள் எப்படிக் காதைப் பொத்துவாள்? நான் பொத்தவே இல்லை. அம்மாவுக்கு மழைச் சத்தத்தில் தன் குரல் கேட்கவில்லை போலிருக்கிறது, முணுமுணுப்பு கொஞ்சம் உரக்கவே வந்தது.

இந்த இடம் பிடித்திருக்கிறதா, இங்கே இருக்கிறீர்களா என்று கேட்க வேண்டும் என்றுதான் நாங்கள் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். காலையிலிருந்து அதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

"கெழவா" என்றாள் அம்மா. "இங்கயும் கேக்கறேன். என்ன விட்டுட்டு நீ மட்டும் இங்க இருந்துருவியா?"

ஹுவீ பெங் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

"ம், வீசு" என்றாள் அம்மா.

பூன் ஹெங்குக்கு எதுவும் கேட்டிருக்காது. அவன் நன்றாகக் குலுக்கிவிட்டு வீசினான். வேரை ஒட்டிச் சிமெண்டு போட்ட ஒரு இடம், காசு அதில் பட்டுத் துள்ளி நின்றது. ஒன்று பூ. ஒன்று சிங்கம். மழைத் தண்ணீரில் கழுவி விட்டதுபோல் பளிச்சென்று கிடந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

பூன் ஹெங் பார்த்துவிட்டான். நானும் பார்த்தேன். காலையிலிருந்து இதற்காகத்தான் ஹுவீ பெங் எங்களை ஊர்வலம் அழைத்து வந்தாள். அப்பா சொன்னது பொய்யில்லை என்று இரண்டு காசும் அவள் பக்கம் சாட்சி சொல்லிக்கொண்டு கிடந்தன. இப்போது அவள் வாயைத் திறந்தால் போதும், பை காலி.

"என்ன சொல்றான்?" என்று கேட்டாள் அம்மா. அவள் சிரிக்கவில்லை. என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஹுவீ பெங் குனிந்து இரண்டு காசையும் பொறுக்கி எடுத்துக்கொண்டாள்.

"ரெண்டும் பூம்மா. மாட்டேங்கறாரு."

பூன் ஹெங் வாயைப் பிளந்தான். அவனுக்கு மாடம்தான் வேண்டும், ஆனால் பொய் என்று ஒன்று இருக்கிறதே, அது அவன் தொண்டையில் இறங்காது. நான் அவனைப் பார்த்தேன். ஹுவீ பெங்கும் பார்த்தாள்.

"நீ பாத்தியாடா?" அம்மா அவன் பக்கம் திரும்பினாள். "உன் வாயால சொல்லு. எனக்குக் கண்ணு தெரியல."

அவன் தங்கை முகத்தையும் அவள் மூடின கையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பாத்தேம்மா" என்றான். "ரெண்டும் பூதான்."

அம்மா பைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். துண்டை விலக்கி ஜாடியின் மேல் கையை வைத்தாள். மழை அவள் முதுகை நனைத்தது. யாருக்கும் குடையை நகர்த்தத் தோன்றவில்லை.

"காலையில கண்ணு முழிச்சா இங்கதான ஓடியாந்தான்" என்றாள். "ஒரு நாள் வாடின்னு கூப்புட்டதில்ல. எனக்கு என்னமோ, இங்க விட்டா இங்கயே இருந்துருவான்னு பயமா இருந்துச்சு. அதான் விடாமக் கேட்டேன். கேட்ட எடத்துலயெல்லாம் மாட்டேன்னுட்டான்."

சொல்லிவிட்டு அழுதாள். முகத்தை மூடிக்கொள்ளாமல், வாய்விட்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஹுவீ பெங்கின் கன்னத்தைத் தடவினாள்.

"நீ மனசுல வச்சுக்காத. உங்கிட்ட அப்படிச் சொன்னானேன்னு வருத்தப்படாத. மருந்து மயக்கத்துல உளறியிருக்கான்."

ஹுவீ பெங் அம்மாவின் கையைத் தன் கன்னத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாம்மா" என்றாள். "மயக்கத்துலதான் இருந்தாரு."